கழுவெளி

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அந்தப் பக்கத்துப் பழையவர்கள் சொல்லும் பெயர் கழுவெளி. கழிவெளி என்பாரும் உண்டு. கழி என்றால் கடலை ஒட்டிய உப்பங்கழி. வெளி, திறந்த பரப்பு. தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளின் உபரிநீர் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகிறது.

கோரைக்கு அடியில் கையை விட்டால் வருவது கரிய சேறு, அழுகிய முட்டை வாடை. சாக்கடை நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறோம். கழிவுநீர் கலப்பதும் உண்மைதான். ஆனால் அந்த வாடை சேற்று நுண்ணுயிர்களின் மூச்சு. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் அவை சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு. அது இரும்போடு சேர்வதால்தான் சேறு கறுக்கிறது. வேறு சில நைட்ரேட்டை நைட்ரஜனாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. சம்பும் கோரையும் தண்டுக்குள் காற்றை வேர்வரை இறக்க, அந்த வழியாகவே மீத்தேன் மேலேறுகிறது. முழுதும் மக்காத வேர்களில் கரிமம் தங்கிவிடுகிறது.

2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியபோது பெயர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலக் காப்புக்காடு. கழுவெளி என்றே பதிந்திருக்கலாம். பெருங்குடிக் குப்பைமேடும் இதே பரப்பின்மேல்தான் எழுந்தது.