துருப்பிடித்த நட்டும் ஓட்டுக் கூரையும்

சேரியில் இருப்பவன் தன் வீட்டை எடுத்துக் கட்டுவது ஒரு காலத்தில் குற்றம். பேச்சுக்குச் சொல்லவில்லை. தீண்டப்படாதவர்கள் என்னென்ன செய்தால் கிராமம் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளும் என்று டாக்டர் அம்பேத்கர் ஒரு பட்டியலே எழுதியிருக்கிறார். நல்ல துணி உடுத்துவது, பொன் நகை போடுவது இவற்றோடு ஓட்டுக் கூரை போட்டு வீடு கட்டுவதும் அதில் இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சமூகத்தினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். சட்டை, குடை, செருப்பு, பெண்களின் ரவிக்கை, பூ என்று போகும் அந்தத் தடைகளில் ஒன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தெருவில் நடப்பதற்குத் தடை போட்டால் அது தெருவுக்கான சண்டை. இது அடுப்பங்கரைக்குள் வந்து போட்ட தடை. செம்பும் பித்தளையும் சேரி வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது. ஓடு கூரையில் ஏறக் கூடாது. தட்டினால் உடைகிற பொருள், பற்றவைத்தால் எரிகிற பொருள், இவ்வளவுதான் நம் வீட்டுக்கு அனுமதி.

இந்தக் கட்டுரை ஒரு எளிய விஷயத்தைப் பற்றியது: வீட்டைச் சரிபண்ணுவது, வண்டியைச் சரிபண்ணுவது. இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று எம்.ஏ. படிக்கும்போது கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். இப்போது சொல்கிறேன், நம் சனங்களின் வரலாற்றில் பாதி இதில்தான் இருக்கிறது.

மராமத்து என்ற வார்த்தையிலேயே ஆரம்பிக்கலாம். குடிமராமத்து என்று பெருமையாகப் பேசுகிறார்களே, ஊர் சேர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரித்த பழக்கம், அதைக் கட்டாய உழைப்பாக்கிச் சட்டமே வந்தது, 1858இல். கரையில் மண்வெட்டி பிடித்தவன் யார், ராத்திரியில் மடை காத்தவன் யார் என்று கேட்டால் வடதமிழ்நாட்டில் பல ஊர்களில் சேரியைத்தான் கை காட்டுவார்கள். நீர்க்கட்டியும் வெட்டியானும் நம்ம ஆளுங்கதான். ஊர்ச் சொத்தை மராமத்துப் பார்ப்பது கடமை. சொந்தக் கூரையை மராமத்துப் பார்ப்பது திமிர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் குடிமராமத்தைப் பற்றி எழுதுவது அரை வரலாறு.

இன்னொன்று, கூரைக்குக் கீழே இருந்த தரை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாதது மட்டுமில்லை, குடிசை நிற்கிற மனைகூட இவர்கள் கையில் இல்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பி விடலாம் என்பது அதில் வருகிறது. அந்த அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் மீட்கப் போராடுவது அதைத்தான். மனைப் பிரச்சினை அதோடு தீரவில்லை. விவசாயத் தொழிலாளி தான் குடியிருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரன் என்று சொல்ல 1971இல் குடியிருப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. நடுவில் 80 வருஷம்.

தரை சொந்தமில்லாதவன் சுவரை எதற்கு உயர்த்துவான்? நாளைக்குப் பண்ணையார் போடான்னா போகணும். பிரித்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதானே கட்டுவான்? நாலு மூங்கில், கீற்று, மண்சுவர். அதைப் பார்த்துவிட்டு, இவங்களுக்கு வீடு வாசலை நல்லா வச்சுக்கத் தெரியாது என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெரியாமல் இல்லை. அடுத்தவன் வீட்டுக்குச் செங்கல் சுமந்து, கலவை குழைத்து, மெத்தை ஒட்டியவர்களில் பெரும்பகுதி நாம்தான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். ஒரு வீடு எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை என்று அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலை ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டிக் கொடுப்பது. அந்த 'தீப்பிடிக்காத' என்ற சொல்லை அரசு ஏன் தேர்ந்தெடுத்தது என்று மாணவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

பிறகு காலனிகள் வந்தன, தொகுப்பு வீடுகள் வந்தன. கீற்று போய் கான்கிரீட் வந்தது. தீ போய் துரு வந்தது.

எங்கள் காலனி வீட்டில் மழைக்காலம் முடிந்தால் கூரையிலிருந்து சிம்பு சிம்பாகக் காரை விழும். உள்ளே கம்பி செக்கச்செவேலென்று தெரியும். கொத்தனார் வேலை பார்த்த என் மாமாதான் அதன் கதையைச் சொன்னார். நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி கெடாது, சிமெண்டின் காரம் அதைக் காப்பாற்றும். கம்பிக்குக் கீழே போதுமான கனத்துக்குக் காரை இல்லையென்றால், கலவையில் சிமெண்டைத் திருடியிருந்தால், உப்பு மணல் போட்டிருந்தால், காற்றும் ஈரமும் உள்ளே இறங்கிவிடும். இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். உள்ளே இடம் இல்லாததால் அது காரையை உடைத்துத் தள்ளும். "கூரை தானா விழல மாப்ள, உள்ள இருந்து கம்பி நெட்டித் தள்ளுது" என்பார். மேலே பூசி மறைத்தால் அடுத்த மழையில் திரும்ப விழும். தட்டிப் பார்த்துப் பொத்தல் சத்தம் கேட்கிற இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரைக்கும் திறந்து, கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, சிமெண்டுப் பால் அடித்து, அதற்குப் பிறகுதான் புதுக் கலவை வைக்க வேண்டும். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். எங்கள் காலனியில் ஒவ்வொரு வீட்டையும் எங்கள் ஆட்களே இப்படி இரண்டாவது முறை கட்டியிருக்கிறார்கள். கட்டிக் கொடுத்த காண்ட்ராக்டருக்கு அரசுக் கணக்கில் இடம் இருக்கிறது. மாமாவின் கொத்துளிக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

அதே துருதான் வண்டியிலும். எங்க பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு டவுனில் ஒரு பாய் நடத்திய ஒர்க் ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தார். இரும்பு வேலை கிராமத்தில் ஒரு சாதியின் குலத்தொழில். கலப்பைக் கொழு அடித்துக் கொடுப்பார்கள், உலையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். மோட்டார் வண்டி வெளியிலிருந்து வந்தது. அதைச் சரிபண்ணும் வேலைக்குத் தலபுராணம் கிடையாது, அதனால் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பாய் சாதி கேட்கவில்லை, ஸ்பானர் நம்பர் தெரியுமா என்றுதான் கேட்டார்.

துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதில் அண்ணனுக்கு ஊர்ப்பேர். புதுப் பையன்கள் வந்ததும் ஸ்பானரை மாட்டி முழுப் பலத்தோடு இழுப்பார்கள். போல்ட் முறியும், இல்லையென்றால் நட்டின் மூலை வழுக்கிப் போகும். அண்ணன் முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் பண்ணுவார். மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுவார். காலையில் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் பொத்திப் பொத்தித் தட்டுவார், துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். ரிங் ஸ்பானர்தான் போடுவார், அது நட்டைச் சுற்றிப் பிடிக்கும். அதற்குப் பிறகும் உடனே கழற்ற மாட்டார். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி அசைப்பார். "அசைஞ்சுதுன்னா பாதி வேலை முடிஞ்சுது. கொஞ்சம் கழட்டு, கொஞ்சம் திருப்பி இறுக்கு, துருப்பொடி வெளிய வரட்டும்." எதற்கும் மசியவில்லையென்றால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு நட்டை மட்டும் சூடு பண்ணுவார். நட்டு விரிந்து பிடியை விடும். கடைசி வழி, வெட்டுளி வைத்து நட்டைப் பிளப்பது. நட்டு போகட்டும், போல்ட்டின் மரை போகக் கூடாது.

அவர் கையால் சரியான வண்டியில் ஏறிப் போகிறவர்களில் சிலர், அவர் அதே மாதிரி வண்டியில் அவர்கள் தெரு வழியாகப் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னவர்கள். வண்டி ஓடுவதற்கு நம் கை வேண்டும், ஓட்டுவதற்கு நாம் ஆகாது.

இதைவிடப் பெரிதாக, ஊரறிய, 1997இல் இது நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளையனை எதிர்த்த தேவேந்திரர் குலத்துத் தளபதி. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவர்கள் போன பஸ்களில் சக்கர நட்டை இறுக்கியவன் எந்தச் சாதி என்று கேட்டார்களா? கேட்கவில்லை. பஸ்ஸின் அடியில் படுத்துக் கிடக்கும் தலித் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் தலித்தான் தொந்தரவு.

நம்மைத் தாக்க வருகிறவர்கள் எதை உடைக்கிறார்கள் என்று பார்த்தாலும் இதே கணக்கு வரும். 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீஸார் நுழைந்தார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பிய காசில் தலை நிமிர்ந்த ஊர் அது. டிவி, ஃபேன், தையல் மிஷின், டிராக்டர் என்று தேடித் தேடி நொறுக்கினார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். வண்டிகளும் எரிந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்ததெல்லாம் அந்த வீடுகளில்தான் இருந்தது. 1930இல் மண்பாண்டம் தவிர வேறு கூடாது என்று வாயால் சொன்னதை, 1995இலும் 2012இலும் கடப்பாரையாலும் தீயாலும் சொன்னார்கள்.

ஆகவே தோழர்களே, படிக்கிற தம்பி தங்கைகளே, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் காலனியில் முதல் ஓட்டு வீடு யார் போட்டது, அப்போது ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று வயசானவர்களைக் கேளுங்கள். மனைப் பட்டா எந்த வருஷம் வந்தது, யார் அலைந்தார்கள் என்று கேளுங்கள். முதல் சைக்கிள், முதல் வண்டி, முதல் மெக்கானிக், முதல் கொத்தனார். அவர்கள் என்ன கருவி வைத்திருந்தார்கள், யாரிடம் கற்றார்கள், கூலி எவ்வளவு, எந்தத் தெருவில் இறங்கி நடந்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். கல்வெட்டில் நம்மைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் தேடட்டும். கொத்தி எடுத்துப் பூசிய கூரையிலும், முறியாமல் கழற்றிய போல்ட்டிலும் இருக்கிற நம் வரலாற்றை, அதைச் செய்த ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.