கண்வலிக்கிழங்கு சாகுபடி: நடவுக்கிழங்கைச் சேதமின்றிப் பெருக்குவது எப்படி?

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு எனப் பல பெயர்களில் அழைக்கப்படும் கண்வலிக்கிழங்கு நம் மாநில மலர். இதன் விதையில் உள்ள கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் மூட்டுவாத நோய்க்கான மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விவசாயிகள் இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள்.

இந்தப் பயிரில் மிகப் பெரிய முதலீடு நடவுக்கிழங்குதான். ஆனால் நஷ்டமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நட்டதில் பாதிக்கிழங்கு முளைக்கவில்லை என்று அழைத்த ஒரு விவசாயியின் வயலுக்குச் சென்றிருந்தேன். தோண்டிப் பார்த்தபோது கிழங்குகள் அழுகாமல், கெட்டியாகவே இருந்தன. ஆனால் நுனிகள் முறிந்திருந்தன. மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, மேலிருந்து போட்டு இறக்கியதில் வந்த சேதம் அது.

கிழங்கின் அமைப்பு

கிழங்கு கலப்பை போல இரண்டு கிளைகளாக, ஆங்கில எழுத்து 'வி' வடிவில் இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்து உண்டு. உருளைக்கிழங்கைப் போல உடல் முழுவதும் கண்கள் கிடையாது. எனவே நுனி முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது.

ஆண்டுதோறும் பழைய கிழங்கு தன் சத்தைக் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிவிடும். அதற்குப் பதிலாகப் புதிய கிழங்கு உருவாகும். அதன் இரு கிளைகளையும் கவனமாகப் பிரித்தால் ஒரு கிழங்கிலிருந்து இரண்டு செடிகள் கிடைக்கும். விதை மூலமும் பெருக்கலாம். ஆனால் விதை முளைக்க நீண்ட காலம் எடுக்கும், பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே கிழங்கு நடவே சிறந்தது.

கிழங்கு எடுத்தல், சேமித்தல்

* காய் அறுவடைக்குப் பின் கொடி முழுவதும் காய்ந்த பிறகே தோண்ட வேண்டும். பச்சையாக இருக்கும்போது எடுத்தால் கிழங்கு முற்றாது.
* கொடியின் அடியிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணைத் தளர்த்தி, கையால் எடுக்கவும். கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது.
* காயம்பட்ட, அழுகிய கிழங்குகளைத் தனியே பிரித்துவிடவும்.
* நிழலில், காற்றோட்டமான இடத்தில், உலர்ந்த மணலில் பரப்பி வைக்கவும். ஈரம் படக்கூடாது.
* கிழங்கு சில மாதங்கள் உறக்கத்தில் இருக்கும். குருத்து தெரியத் தொடங்கியதும் நடவுக்கு எடுக்கலாம்.
* ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்ல மூட்டைக்குப் பதில் கூடை அல்லது பிளாஸ்டிக் கிரேட்டில் வைக்கோல் பரப்பி அடுக்கவும்.

நடவு

நல்ல வடிகால் உள்ள செம்மண், செம்பொறை மண் ஏற்றது. தண்ணீர் தேங்கும் நிலத்தில் கிழங்கு அழுகிவிடும். ஜூன், ஜூலை மாதங்கள் நடவுக்கு உகந்தவை. கடைசி உழவில் ஏக்கருக்கு 4 டன் தொழுஉரம் இட்டு, ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, மண்ணும் தொழுஉரமும் கலந்து நிரப்பவும்.

50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்தெடுங்கள். சிறிய கிழங்கில் வரும் கொடி முதல் ஆண்டில் சரியாகப் பூக்காது. நடுவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பென்டசிம் கலந்த கரைசலில் 30 நிமிடம் ஊறவைக்கவும். நடும்போது முளைக்குருத்து சேதமாகாமல் மண்ணை மெதுவாக மூடவும்.

ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து தேவை. தழைச்சத்தில் பாதியை மட்டும் அடியுரமாக இட்டு, மீதியை ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குள் மேலுரமாகக் கொடுக்கவும்.

கொடி பராமரிப்பு

இலை நுனியே பற்றுக்கம்பியாக மாறி எதையாவது பிடித்து ஏறும். விராலி, கிளுவைக் குச்சிகளை ஊன்றி, கம்பி கட்டிப் படரவிடலாம். இளங்குருத்து முறிந்தால் அந்தக் கொடியின் ஆண்டு மகசூல் போய்விடும். அதனால் களையெடுப்பில் கவனம் தேவை.

பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து, மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை 8 முதல் 11 மணிக்குள் மகரந்தத்தைக் கையால் சூல்முடியில் தடவிவிட்டால் காய்ப்பு நன்றாக இருக்கும். நட்ட 160 முதல் 180 நாட்களில் காய் அறுவடைக்கு வரும். காய்களை நிழலில் உலர்த்தி விதையைப் பிரிக்கவும்.

எச்சரிக்கை: உயிருக்கு ஆபத்து

இந்தச் செடியின் எல்லாப் பாகமும் விஷம். கிழங்கு மிகவும் கொடியது. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சாப்பிட்ட சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதற்குள் விஷம் உடலில் பரவியிருக்கும். இதற்கென்று தனி மாற்று மருந்து இல்லை.

* நடவுக்கிழங்கைச் சமையலறையிலோ, உணவுக் கிழங்குகளுடனோ வைக்காதீர்கள். பூட்டிய அறையில் எழுதி ஒட்டி வையுங்கள்.
* கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். கூலியாட்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.
* வயலைச் சுற்றி வேலி அமையுங்கள். ஆடு, மாடுகள் மேய்ந்தாலும் ஆபத்து.
* யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல், எஞ்சிய கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

முதலில் சிறிய பரப்பு

காடுகளில் தோண்டி எடுத்த கிழங்கை வாங்காதீர்கள். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம். இயற்கையில் இச்செடி குறைந்து வருவதற்கும் அதுவே முக்கியக் காரணம். விதையின் விலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவதால், முதல் ஆண்டில் கால் ஏக்கரில் மட்டும் நட்டு, உங்கள் கிழங்கை நீங்களே பெருக்குங்கள். அடுத்த ஆண்டுகளில் அந்தக் கிழங்கைக் கொண்டு பரப்பை விரிவாக்கினால், பெரிய செலவு உங்கள் கையிலிருந்து போகாது. நடவுக்கு முன் அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் மண்ணைக் காட்டி ஆலோசனை பெறுங்கள்.