ஐந்து நிமிஷமும் ஆசுகவியும்

'பிளிட்ஸ் என்பது சதுரங்கத்தின் ஆசுகவி' என்று ஒரு நண்பர் சொன்னார். வசையாகத்தான் சொன்னார். நம் வட்டாரத்தில் ஆசுகவி என்றாலே வசைதான். நின்ற நிலையில் வெண்பா கொட்டுகிறவனைக் கண்டால் புதுக்கவிதைக்காரர்களுக்கு எப்போதும் ஓர் இளக்காரம். மெதுவாகப் பிறப்பது ஆழம், சட்டென்று வருவது வித்தை - எங்கும் எழுதி வைக்காத சட்டமாக இது நம்மிடம் புழங்கி வருகிறது. எனக்கு நண்பரின் வாக்கியம் வசையாகப் படவில்லை, வர்ணனையாகப் பட்டது. ஆசுகவிக்கும் சதுரங்கத்துக்கும் உள்ள சம்பந்தம் வெறும் உவமை அல்ல, சரித்திரத்திலேயே உண்டு. அதன் ஒரு முனை இங்கே இடலாக்குடியில் கிடக்கிறது.

முதலில் கடிகாரம். சதுரங்கத்துக்குள் அது வேகத்தைக் கொண்டுவர நுழையவில்லை, நியாயம் கேட்டு நுழைந்தது. 1851-ல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் நேரக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. எலைஜா வில்லியம்ஸ் என்பவர் ஒரு காயை நகர்த்த எடுத்துக்கொண்ட நேரம் அன்றைக்கே ஆத்திரத்தையும் கேலியையும் கிளப்பியது. எதிராளி அலுத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்பதும் ஒரு யுக்தி. மூளையின் யுக்தி அல்ல, பிருஷ்டபாகத்தின் யுக்தி. பத்து வருஷம் கழித்து, 1861-ல், ஆண்டர்சனும் கோலிஷும் மணல் கடிகையை வைத்துக்கொண்டு ஆடினார்கள். 1883 லண்டன் போட்டிக்கு, மான்செஸ்டர்காரரான தாமஸ் பிரைட் வில்சன் வகுத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒன்றைச் சாய்த்தால் அது நிற்கும், மற்றது ஓடும். பிறகு பொத்தான், அப்புறம் முள் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கொடி. கொடி விழுந்தால் ஆள் தோற்றான்.

இரட்டைக் கடிகாரம் லண்டனில் வந்த பத்தாவது வருஷம், 1893-ல், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் வருகையை ஒட்டி நாகர்கோவிலில் மணிமேடை எழுந்தது. மணிமேடைக் கடிகாரம் ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தைச் சொல்கிறது. சதுரங்கக் கடிகாரம் நேரத்தைச் சொல்வதில்லை, பங்கு வைக்கிறது. வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து வயலுக்கு விட்டவர்களின் ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உன் மடை திறந்திருக்கையில் என் மடை அடைத்திருக்கும். உன் பங்கை நீ வீணடித்தால் அது உன் பாடு.

நம் பழைய ஆட்டத்தில் இந்தப் பங்கு கிடையாது. நேரம் யாரிடம் மிகுதியாக இருந்ததோ அவர்களுடைய ஆட்டம் அது: ராஜாக்கள், நிலச்சுவான்கள், நிஷ்டையில் இருப்பவர்கள். அம்பலப்புழைக் கதையில் முனிவர் வேஷத்தில் வந்த கிருஷ்ணனிடம் தோற்ற ராஜா, முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று 64 கட்டமும் நிரப்பக் கடன்படுகிறார். கணக்குப் போட்டால் இருபது இலக்கம் வருகிறது. நாஞ்சில் நாட்டு நெல்லை யுகம் யுகமாக அளந்தாலும் அடையாத கடன். அதனால்தான் இன்றும் அங்கே பால் பாயசம். கெடுவே இல்லாத கடன்! (கெடு இல்லாமல் எங்கள் வங்கியில் யாருக்கும் கிடைக்காது.) பிரேம்சந்தின் கதையை 1977-ல் படமாக்கிய சத்யஜித் ரே இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். 1856 லக்னோவில் இரண்டு பிரபுக்கள், ராஜ்யம் பறிபோவதைக் கவனியாமல் ஆடுகிறார்கள். வெள்ளைக்காரன் ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் தாண்டலாம், ஆட்டம் சீக்கிரம் முடியும் என்று ஒருவர் வந்து விளக்குகிறார். நம் ஆட்டம் அவர்களுக்கு ரொம்ப மெதுவோ என்று பிரபுக்களுக்குச் சந்தேகம் வருகிறது. படத்தின் கடைசியில், ராஜ்யம் போன பிறகு, அந்த வேகமான ஆட்டத்தையே ஆட உட்காருகிறார்கள்.

ஆக, வேகம் வெளியிலிருந்து வந்தது, நம்முடையது நிதானம் என்று முடித்துவிடலாமா? இடலாக்குடி குறுக்கே நிற்கிறது. 1874-ல் அங்கே பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்துகாட்டினார். ஒரே வேளையில் நூறு காரியங்களில் கவனம். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், வெண்பாவை முடிக்க வேண்டும். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் மணி அடித்துக்கொண்டிருப்பார். ஒருவர் முதுகில் பூவோ கல்லோ எறிந்துகொண்டிருப்பார். எத்தனை அடி, எத்தனை கல் என்று முடிவில் சொல்ல வேண்டும். இந்த அவதான உருப்படிகளில் வழக்கமான ஒன்று சதுரங்கம். அவதானிக்குப் பலகையை முறைத்துக்கொண்டிருக்க அவகாசம் கிடையாது. வெண்பாவின் இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவே ஒரு காயை நகர்த்தியாக வேண்டும். கடிகாரம் இல்லாத பிளிட்ஸ் என்று இதைச் சொன்னால் அதிகப்படி ஆகாது.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு திசையிலிருந்து விளக்கம் உண்டு. டி குரூட் என்ற டச்சு உளவியலாளர் 1946-ல் சதுரங்க மேதைகளின் சிந்தனையை ஆராய்ந்து எழுதினார். மேதை மற்றவர்களைவிட வெகு தூரம் முன்னோக்கிக் கணக்குப் போடுகிறான் என்ற நம்பிக்கை அதில் அடிபட்டுப்போயிற்று. ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு நிலையைச் சில விநாடி காட்டி மறைத்தால், மேதை கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப அடுக்கிவிடுகிறான். 1973-ல் சேஸும் ஸைமனும் அமெரிக்காவில் இன்னொன்றைக் காட்டினார்கள்: காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் மேதைக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் பார்ப்பது தனித்தனிக் காய்களை அல்ல, பழகின சேர்க்கைகளை. ஐந்து நிமிஷத்தில் அவன் யோசிப்பதில்லை, வருஷக்கணக்காக யோசித்துச் சேர்த்துவைத்ததிலிருந்து எடுக்கிறான். ஆசுகவியும் அப்படித்தான். எதுகை வரிசைகளும் சீர்ப் பழக்கமும் ரத்தத்தில் ஊறியிருக்க, ஈற்றடி விழுந்ததும் மேலே மூன்றடி தாமாக வந்து அடுக்குகின்றன. யாப்பு இல்லாத ஒரு கவிதையை நூறு வினாக்களுக்கு நடுவே கட்டு என்றால் அவதானி திகைத்து நின்றிருப்பார். தாறுமாறாகக் காய் வைத்த பலகை அவருக்கு அது.

சென்னைக்கு வருவோம். 1972-ல், ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதிய அதே வருஷம், சோவியத் கலாசார மையத்தில் மிகயில் தால் சதுரங்கக் கழகம் ஆரம்பமானது. முன்னின்றவர் மானுவல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். அம்மாவிடம் ஆறு வயதில் ஆட்டம் கற்ற விசுவநாதன் ஆனந்த் போய்ச் சேர்ந்தது அங்கேதான். அங்கே பிளிட்ஸ் செழித்ததற்கு வேகத்தின் மேல் மோகம் காரணம் இல்லை. பலகைகள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவான். உள்ளேயிருந்து வரிசைகளைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். வரிசை ஒரு மனிதனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று சுமாராகத் தெரியும். நாற்காலியை விடக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் அந்தப் பையனின் கண்ணும் கையும் ஒன்றாயின. 1983 தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. நிமிஷக்கணக்கில் யோசிக்கும் பெரியவர்களுக்கு எதிரே, நகர்த்திவிட்டு எழுந்து உலாவுகிற பையனை உலகம் 'மின்னல் பையன்' என்றது. 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் பன்னிரண்டு ஆட்டமும் ஆறுக்கு ஆறு என்று முடிந்தபோது, பட்டத்தைக் காப்பாற்றியது விரைவு ஆட்டம்தான். 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக விரைவு சாம்பியன்.

இந்த இடத்தில் நண்பரின் உவமையை நான் விட்டுவிடுகிறேன். ஆசுகவிக்கு எதிரே எதிராளி இல்லை. ஈற்றடி கொடுத்தவரும் அவர் பக்கம். தளை தட்டாமல் முடிந்தால் கைதட்டு, வெண்பாவில் விஷயம் உண்டா என்று யாரும் மடக்கிக் கேட்பதில்லை. பிளிட்ஸில் அந்தச் சலுகை கிடையாது. வாய்ப்பாடாக வந்த நகர்த்தல் வாய்ப்பாடுதான் என்று எதிரே இருப்பவன் அடுத்த மூன்று விநாடிக்குள் நிரூபித்துவிடுவான். பாவலரின் தலைமுறை நமக்கு விட்டுப்போன குறை வேகம் அல்ல, இந்த எதிராளி இல்லாமை. மெதுவாக எழுதும் நமக்கும் அவன் இருக்கிறானா என்பதை, ஒருவரையொருவர் பாராட்டி மதிப்புரை எழுதிக்கொள்ளும் நம் பத்திரிகைகளைப் புரட்டினால் தெரியும்.

மெதுவுக்கு ஒரு சாட்சியும் உண்டு. அதே சென்னையில் பிறந்த குகேஷைப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் கம்ப்யூட்டர் உதவியே இல்லாமல் வளர்த்தார். பையன் தானே தடவித் தேடட்டும் என்று. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அவர் உலக சாம்பியன் ஆனார். பதினெட்டு வயது. பிளிட்ஸ் அவருடைய பலம் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். சமனாகிவிடும் என்று எல்லோரும் நினைத்த நிலையில், கடிகாரத்தில் கையிருப்பு குறைந்திருந்த டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் ரூக்கைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் முதலில் கவனிக்கவில்லை, கவனித்ததும் முகம் மாறியது. மூன்று நகர்த்தலில் முடிந்துவிட்டது. 

அந்த ஆட்டம் நகர்த்தல் நகர்த்தலாகப் பதிவாகியிருக்கிறது. பிளிட்ஸில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி கிடையாது, எழுத நேரமும் இல்லை. 1970-ல் ஹெர்செக் நோவியில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கு நடுவே ஃபிஷர் 22 ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்தார். இரண்டாவதாக வந்த தாலுக்கு பதினாலரை. முடிந்தபின் அத்தனை ஆட்டத்தையும் ஃபிஷர் ஞாபகத்திலிருந்து ஒப்பித்தார் என்பார்கள். தால் கழகத்துச் சாயங்காலங்களை ஒப்பிக்க ஆள் கிடையாது. தோற்றவர் எழுந்திருப்பார், அடுத்தவர் உட்காருவார், காய்களைக் கலைத்து மறுபடி அடுக்குவார்கள்.