நன்கொடையாளருக்குக் கணக்கு ஒப்புவித்தல் (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்)

வெளிநாட்டார் அனுப்பும் பணத்தில் ஓர் ஊரில் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு, மக்களாட்சிப் பயிற்சி போன்றவற்றை நடத்தும் அறநிறுவனம், அந்தப் பணம் எப்படிச் செலவாயிற்று என்று கொடுத்தவருக்குத் தெரிவிக்கும் முறை. பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. மிஷன் ஆண்டறிக்கை, ஆரோவில் வழக்கு, உள்துறை அமைச்சகப் படிவம் என்று கணக்கின் வடிவம் மாறிவந்தது. எந்த வடிவத்திலும் கணக்கு ஊரை விட்டு வெளியேதான் போயிற்று.

ஆற்காடு மிஷன் காலம்

அமெரிக்க மருத்துவ ஊழியர் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, 1836இல் சென்னைக்கு மாறினார். அவர் பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினர். 1857இல் அது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. வேலூர், இராணிப்பேட்டை, சித்தூர், ஆரணி, மதனப்பள்ளி ஆகியவற்றுடன் திண்டிவனமும் அதன் நிலையங்களுள் ஒன்று. ஊரில் இன்றும் இயங்கும் வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளியின் பெயர் அந்தக் காலத்தின் எச்சம்.

மிஷன் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பொறுப்பான ஊழியர் ஆண்டின் நடப்பை எழுதுவார். பின்னால் அட்டவணை வரும். சபைகள், உபதேசியார்கள், பைபிள் பெண்மணிகள், பள்ளிகள், மாணவர்கள், ஞானஸ்நானம் பெற்றோர், திருவிருந்தில் பங்குபெறுவோர் என்று கட்டம் கட்டமாக எண்கள். மழை பொய்த்த ஆண்டும் காலரா வந்த ஆண்டும் எழுத்துப் பகுதியில் இடம்பெறும். அட்டவணையில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. வேலைக்குப் பொறுப்பானவரே அறிக்கையும் எழுதியதால் சறுக்கல்கள் மென்மையான சொற்களில் வந்தன. அவற்றைச் சரிபார்க்கக் கடல் கடந்து வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களின் அன்றாட வாழ்வு குறித்து அரசு ஆவணங்களில் கிடைக்காத பல செய்திகள் இவ்வறிக்கைகளில் கிடைக்கின்றன. அமெரிக்கச் சபையாரின் கைப்பணத்துக்கு நன்றி சொல்ல எழுதியது, இன்று நமக்கு வரலாற்று மூலம்.

எண்களைவிடக் கதைக்குப் பணம் வரும் என்பதை மிஷன் ஊழியர் முன்பே அறிந்திருந்தனர். அத்தகைய கதைகளுள் உலகறிந்தது திண்டிவனத்தில் நடந்தது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைப் பார்க்க வந்து திண்டிவனத்தில் தங்கியிருந்தார். ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து, பேறுகால வேதனையில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தனர். தம் தந்தையே மருத்துவர், அவரை அழைத்துச் செல்லலாம் என்று ஐடா சொன்னதை மூவரும் ஏற்கவில்லை. பிற ஆண் எவரும் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமில்லை என்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடா மருத்துவம் படிக்க முடிவு செய்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் இந்தியா திரும்பினார்.

புறப்படும் முன் நியூயார்க்கில் நிதி திரட்டியபோது, ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் வேலூரில் 1902இல் திறக்கப்பட்டது மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. வெளிநாட்டுக் கொடையாளரின் மனைவி பெயர் கட்டடத்தில் பொறிக்கப்பட்டது. திண்டிவனத்துப் பெண்கள் மூவரும் பெரும்பாலான நூல்களில் கணவரின் சாதியாலும் சமயத்தாலும் மட்டுமே சுட்டப்படுகிறார்கள். கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை வெளிச்சம் மறைய எழுதும் நம்மவர் இதைக் குறை சொல்ல முடியாது. கொடையாளர் பெயரைப் பொறிப்பதும் கணக்கு ஒப்புவித்தலின் ஒரு வகைதான். அன்று அதுவே முதன்மையான வகை.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆற்காடு மிஷனின் சபைகள் அதில் இணைந்தன.

ஆரோவில்: கணக்கிலிருந்து சட்டம் வரை

வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில், பல நாட்டார் சேர்ந்து வாழும் நகரம் என்று எண்ணப்பட்டது. 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. யுனெஸ்கோ ஆதரவுத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. நடுவணரசும் வெளிநாட்டு அமைப்புகளும் தனியாரும் கொடுத்த பணம், அரவிந்தரின் போதனையைப் பரப்ப 1960இல் அமைந்த ஸ்ரீ அரவிந்தர் சங்கத்தின் வழியாக வந்தது.

ஆரோவிலை நிறுவிய அன்னை 1973 நவம்பர் 17 அன்று மறைந்தபின் குடியிருப்போருக்கும் சங்கத்துக்கும் பூசல் முற்றியது. நிலமும் பணமும் யாருடையவை, கொடுத்தவர்கள் சங்கத்துக்குக் கொடுத்தார்களா ஆரோவிலுக்குக் கொடுத்தார்களா என்பதே சண்டை. புகார்கள் தில்லிக்குப் போக, புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் தலைமையில் குழு அமைந்தது. தமிழ்நாடு அரசின் பிரதிநிதியும் உள்துறைப் பிரதிநிதியும் அதில் இருந்தனர். சங்கத்தின் கணக்குகளைத் துருவிப் பார்த்த குழு, நிர்வாகத்தில் கடும் முறைகேடுகளும், நிதி தவறாகப் பயன்பட்டு வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டதும் கண்டதாகத் தெரிவித்தது. சங்கம் இதை ஏற்கவில்லை. ஆயினும் குடியிருப்போர் தரப்புக்கு இது வலுச் சேர்த்தது.

1980இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு ஆரோவில் (அவசர ஏற்பாடுகள்) சட்டமாகவும் நடுவணரசு நிர்வாகத்தைத் தற்காலிகமாகத் தன் கைக்கு எடுத்தது. இது சமய உரிமையில் தலையிடுவது என்று சங்கத் தரப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. எஸ்.பி. மிட்டல் வழக்கில் 1982 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சட்டத்தை உறுதி செய்தது. அரவிந்தரின் போதனை தத்துவமே, சமயம் அன்று என்பது பெரும்பான்மைக் கருத்து. நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் அதைச் சமயமாகக் கருத இடமுண்டு என்று தனியே எழுதினார். சட்டம் செல்லும் என்பதில் அவருக்கும் மறுப்பில்லை.

1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆளுகைக் குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு ஆகிய மூன்று உறுப்புகள். ஆளுகைக் குழுவை நடுவணரசே நியமிக்கும். கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தணிக்கை செய்ய, அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். பாரிசிலோ பெர்லினிலோ இருந்து பணம் அனுப்பியவருக்குச் சொல்லவேண்டிய பதில் இவ்வாறு தில்லிக்குச் சொல்லும் பதிலானது. பேரவைக்கும் ஆளுகைக் குழுவுக்கும் இடையே அதிகாரம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அறக்கட்டளைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சட்டமும் தலைப்புகளும்

வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2011 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. பண்பாடு, பொருளாதாரம், கல்வி, சமயம், சமூகம் என்ற ஐந்து தலைப்புகளில் ஒன்றின்கீழ் திட்டவட்டமான வேலை செய்யும் அமைப்பே பதிவு பெறலாம். மக்களாட்சி வளர்த்தல் என்ற தலைப்பு இல்லை. எனவே ஊராட்சிப் பெண் தலைவர்களுக்கான பயிற்சியோ வாக்காளர் விழிப்புணர்வோ சமூகம், கல்வி என்ற கட்டங்களில்தான் எழுதப்படும். கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் மக்களாட்சி என்றும், அமைச்சகத்துக்குப் போகும் எஃப்.சி.-4 படிவத்தில் சமூகம் என்றும் அதே செலவு இருமுறை பெயர் பெறும். இதில் பொய் எதுவும் இல்லை.

வேட்பாளர், கட்சி, சட்டமன்ற உறுப்பினர், அரசு ஊழியர், நீதிபதி ஆகியோர் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது. அரசியல் தன்மை கொண்டது என்று அறிவிக்கப்பட்ட அமைப்பும் வாங்க முடியாது. கட்சி நோக்கமில்லாமல் மக்கள் கோரிக்கைக்காகக் கடையடைப்பு, மறியல் போன்றவற்றை ஆதரித்ததற்காகவே ஓர் அமைப்புக்கு அந்த முத்திரை குத்த முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கட்சிகளின் கதை வேறு. வேதாந்தா குழும நிறுவனங்களிடம் பணம் வாங்கியதில் காங்கிரசும் பா.ஜ.க.வும் சட்டத்தை மீறின என்று தில்லி உயர் நீதிமன்றம் 2014இல் கூறியபின், 2016, 2018 நிதிச் சட்டங்கள் வழியாக விதி பின்தேதியிட்டுத் திருத்தப்பட்டது.

உள்நாட்டுச் சட்டத்தில் மக்களாட்சி என்ற தலைப்பு இல்லாவிட்டாலும், ஐக்கிய நாடுகள் மக்களாட்சி நிதியம் 2005இல் தொடங்கியபோது முதல் கொடையாளர்களுள் இந்தியாவும் ஒன்று. அதன் பங்கு 1 கோடி டாலர்.

கள நடைமுறை

ஊராட்சிப் பயிற்சித் திட்டங்கள் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் (1994) வந்து, 1996 தேர்தலில் பெண்களும் பட்டியல் சாதியினரும் பெருமளவில் பொறுப்புக்கு வந்தபின் பெருகின. கணக்கு எழுதும் முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. பயிற்சி நாளன்று வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை. பயணப்படி வாங்கியதற்கு வவுச்சர். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ரெவின்யூ ஸ்டாம்ப். டீக்கடையில் பில் கிடைக்காது என்பதால் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கைவவுச்சர் எழுதப்படும். ஃபிளெக்ஸ் பேனர் தெரியும்படி ஒரு குழுப்படம். வெளிநாட்டுப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி ரொக்கப் புத்தகம். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் சான்றுடன் டிசம்பர் 31க்குள் படிவம்.

இப்பயிற்சிகளில் தவறாமல் இடம்பெறும் பாடம், கிராம சபையில் கணக்குக் கேட்பது. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபையில் ஊராட்சியின் வரவு செலவை வாசிக்க வேண்டும். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்தன. பயிற்சி தந்த அமைப்பின் வரவு செலவை அதே சபையில் வைக்கச் சட்டம் கேட்பதில்லை, கொடையாளரும் கேட்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உதவாது: அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் அமைப்புகளே அதன்கீழ் வரும் என்பது 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நிலை. ஊராட்சி எழுத்தரிடம் பில் கேட்கக் கற்றுக்கொண்ட பெண், தமக்குச் சோறு போட்ட திட்டத்தின் பில்லை எங்கே கேட்பது என்பதற்குப் பயிற்சிக் கையேட்டில் பக்கம் கிடையாது.

இன்றைய நிலை

2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டுப் பணம் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்குப் பணத்தைக் கைமாற்றுவது தடைப்பட்டது. பெருநகர அமைப்புகள் வழியாகப் பணம் பெற்றுவந்த சிறு அமைப்புகளுக்கே இது பெரிய அடி. நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருத்தங்களை ஏற்றது. நிதி வழி இவ்வாறு சுருங்கிய காலத்தில்தான், பயிற்சிக்குரிய புதிய பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் நடந்தது.