அம்பின் அலகு

வில்லின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் வில்லின் வளைவையும் நாணின் ஓசையையும் புகழ்வர். ஆயின், வேட்டையை முடித்துவைப்பது வில்லன்று. அம்பின் நுனியில் அமைந்த சிறியதோர் அலகே. அவ்வலகு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினா மிகப் பழமையானது. இன்று அமெரிக்க நாட்டு வில்வேட்டையாளரிடையே, அசையாது நிற்கும் அலகு சிறந்ததா, உடலில் பட்டவுடன் விரியும் அலகு சிறந்ததா என்று நிகழும் வாதமும் இவ்வினாவின் புதிய வடிவமே ஆகும்.

இலங்கையில் பாகியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், அவற்றுள் சில அம்பு முனைகளாகப் பயன்பட்டவை என்றும் 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். குரங்கும் அணிலும் போன்ற சிற்றுயிர்களை மரக்கிளைகளினின்று வீழ்த்த, கூரிய எலும்பே போதுமானதாக இருந்தது. இரும்பு வந்தபின் நிலை மாறிற்று. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தெடுத்த ஈமப் பொருள்களுள் வாளும் வேலும் மட்டுமன்றி இரும்பு அம்பு முனைகளும் இருந்தன. இறந்தவனோடு புதைக்கத் தக்க மதிப்பு அச்சிறு இரும்புக்கு இருந்தது.

அலகின் தொழிலைத் தெளிவாக வகுத்துரைத்த பழைய நூல் கௌடிலியரின் அர்த்தசாத்திரம். அம்பு முனைகள் இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் செய்யப்படும் என்றும், வெட்டுதல், பிளத்தல், அடித்தல் என்பன அவற்றின் தொழில்கள் என்றும் அது கூறுகிறது. வெட்டும் அலகு அகன்றது. குருதியை மிகுதியாகப் போக்குவது. துளைக்கும் அலகு ஒடுங்கியது. கவசத்தையும் எலும்பையும் ஊடுருவுவது. 13ஆம் நூற்றாண்டில் கீழ்த்திசை சென்ற மார்க்கோ போலோ, தார்த்தாரிய வீரன் ஒவ்வொருவனும் 60 அம்புகள் கொண்டு செல்வான் என்றும், அவற்றுள் 30 ஊடுருவும் சிறு அம்புகள், 30 அகன்ற அலகுடைய பெரிய அம்புகள் என்றும் எழுதினார். ஒன்றே எல்லாவற்றுக்கும் போதாது என்பதை அவ்வீரன் அறிந்திருந்தான்.

தமிழர் இலட்சியமாகக் கொண்டது ஊடுருவும் ஆற்றலையே எனலாம். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்று பாடுகிறார். இது புலவரின் உயர்வு நவிற்சியே. எனினும், உடலிற் சிக்கி நிற்காமல் கடந்து செல்லும் அம்பே சிறந்தது என்னும் வேடர் கருத்து அதனுள் பொதிந்திருக்கிறது.

அசையும் அலகுக்கும் நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. அந்தமான் தீவுகளின் தொல்குடியினர் காட்டுப்பன்றியை எய்யப் பயன்படுத்திய அம்பின் இரும்பு முனை, தண்டோடு உறுதியாகப் பொருத்தப்பட்டதன்று, கயிற்றால் பிணைக்கப்பட்டது. பன்றியின் உடலில் தைத்தவுடன் முனை கழன்றுகொள்ளும், கயிறு நீளும், பின்னால் இழுபடும் தண்டு புதரிற் சிக்கி, ஓடும் விலங்கை நிறுத்திவிடும். அடர்ந்த காட்டில் அடிபட்ட விலங்கு தப்பி ஓடிவிடுதல் என்னும் குறையை, இவ்வெளிய பொறியால் அவர்கள் தீர்த்துக்கொண்டனர்.

இனி இக்கால அலகுகளைக் காண்போம். அகன்ற நிலையலகு காற்றில் செல்லும்போது சிறு சிறகுபோல் செயற்படுகிறது. அம்பு சிறிதே கோணினும் அலகு அதனைத் திசை திருப்பிவிடும். ஆதலின், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பறக்கும்போது மடங்கியிருந்து தைக்கும்போது விரியும் அலகுகள் பரவின. அவை நேராகச் செல்லும். அகன்ற புண்ணையும் உண்டாக்கும். ஆயின் விரிதற்கு ஆற்றல் வேண்டும். அவ்வாற்றல் ஊடுருவுதலினின்று கழிகிறது. சாய்வாகப் பட்டால் வழுக்கவும் கூடும்; அசையும் உறுப்பு பழுதுபடவும் கூடும். வலுக்குறைந்த வில்லுக்கும் தடித்த எலும்புடைய விலங்குக்கும் நிலையலகே தக்கது. வலுமிக்க வில்லுக்கு விரியலகும் பொருந்தும். ஆக, அலகைத் தேர்வதற்கு முன் வில்லின் வலுவையும் விலங்கின் உடலையும் அறிதல் வேண்டும்.

ஆனால் இது பொறியியல் மட்டுமன்று, அறமும் ஆகும். மனுநீதி நூலின் ஏழாம் அத்தியாயம், மறைத்துவைத்த படைக்கலம், முள்ளுடைய அம்பு, நஞ்சு தோய்ந்த அம்பு, தீயால் எரியும் அம்பு ஆகியவற்றால் போரில் பகைவரைக் கொல்லலாகாது என விலக்குகிறது. பின்னோக்கிய முள்ளுடைய அம்பை உருவினால் தசை கிழியும். இதனால்தான் சுசுருதரின் மருத்துவ நூல், உடலில் தைத்த பொருளை வந்த வழியே இழுத்தல், எதிர்ப்புறமாகத் தள்ளி எடுத்தல் என இருமுறை வகுத்தது. மனிதனுக்கு விலக்கிய கொடுமையை விலங்குக்கு மட்டும் ஆகும் என்று கொள்ளலாமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடத் தக்க இடம் மாதேஸ்வரன் மலை. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டத்தின் காட்டுப் பகுதி இது. மேட்டூர் வழியாகத் தமிழ் மக்கள் திரளாகச் சென்று வழிபடும் தலம். இங்குக் கோயில் கொண்ட மகாதேஸ்வரர் புலிமேல் அமர்ந்தவராகப் போற்றப்படுகிறார். அவருக்குப் பூசை செய்யும் பேடகம்பணர் என்பாரின் பெயரிலேயே வேடரைக் குறிக்கும் ‘பேட’ என்னும் கன்னடச் சொல் நிற்கிறது. வேட்டைக் குடியினர் பூசைக்குரியவராயினர் என்பது அம்மலையின் மரபு. அக்காட்டின் தொல்குடியினரான சோலிகர் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்தவர். மகாதேஸ்வரர் கதையிலும் அவர்களுக்கு இடமுண்டு.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் நம் நாட்டில் வேட்டைக்கு இடமின்றிச் செய்தன. 2013இல் மாதேஸ்வரன் மலைக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2025 ஜூனில் அக்காட்டின் ஹூகியம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் மாண்டு கிடந்தன. புலி கொன்ற பசுவின் உடலில் நஞ்சு கலந்து வைக்கப்பட்டதே காரணம் எனச் செய்திகள் வந்தன. நஞ்சு குறிபார்ப்பதில்லை, தாயையும் குட்டியையும் பிரித்தறிவதில்லை. வில்லேந்தியவனோ விலங்கைக் கண்ணாற் கண்டு, இதனை எய்யலாமா என்று ஒரு கணம் எண்ணியாக வேண்டும். அவ்வெண்ணத்திற்கு இடமில்லாத கருவி எதுவாயினும் வேடர் மரபுக்கே புறம்பானது.

நம் காடுகளில் இன்று அம்பு எய்வார் அரியர்; பொதுவாக எய்தலும் ஆகாது. வில் விளையாட்டு அரங்கிற்குச் சென்றுவிட்டது. ஆயினும், கொல்வதாயின் துன்பமின்றிக் கொல்லுதல், எய்ததைத் தேடிக் காணுதல், தேவைக்கு மேல் எய்யாமை என்னும் பழைய வேடரின் ஒழுக்கம் பழங்கதையாகிவிடலாகாது. பசுவை இழந்த உழவனுக்குக் காலந்தாழ்த்தாது ஈடு கொடுத்து, நஞ்சை நாட வேண்டாத நிலையை உண்டாக்குவதும் அவ்வொழுக்கத்தின் தொடர்ச்சியே ஆகும்.