ஹ்யூஸ்டன் காஷ்மியரும் ஒரு பேண்டு வாத்தியாரும்

பேரைப் பார்த்ததும் பனிமலை, ஆப்பிள், தால் ஏரின்னு கற்பனையை ஓட விட்டுடாதீங்க மக்களே. இது வேற காஷ்மியர். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம், ஹ்யூஸ்டன் நகரத்தோட வடகிழக்கு மூலையில காஷ்மியர் கார்டன்ஸ்னு ஒரு பகுதி. கறுப்பின மக்கள் பெரும்பான்மையா வாழுற, பெருசா வசதி வாய்ப்பு இல்லாத இடம். அங்கே இருக்கிற காஷ்மியர் உயர்நிலைப் பள்ளியில படிச்ச பசங்க, 1968லிருந்து ஒரு பத்து வருஷம், ஊர்ல எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்த பாட்டுகளை எடுத்துப் பிரிச்சு மேஞ்சு, திரும்பத் தங்கள் கைக்கு ஏத்த மாதிரி கட்டி வாசிச்சாங்க. அந்தக் குழுவுக்குப் பேரு காஷ்மியர் ஸ்டேஜ் பேண்ட். அவங்களைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த 'ஸ்டேஜ் பேண்ட்' என்ற சொல்லையே கொஞ்சம் கவனிக்கணும். ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் எல்லாம் வரிசை கட்டி உட்கார, பக்கத்துல பியானோ, பேஸ், ட்ரம்ஸ் இருக்கும் பெரிய குழுவுக்கு அமெரிக்காவுல இயல்பான பேரு 'டான்ஸ் பேண்ட்'. இல்லேன்னா ஜாஸ் பேண்ட். ஆனா பள்ளிக்கூடத்துல அந்தப் பேரை வச்சா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. டெக்சாஸ் மாதிரி, ஆட்டமே பாவம்னு நினைக்கிற பக்திமான்கள் நிறைஞ்ச ஊர்ல சொல்லவே வேண்டாம். அதே மாநிலத்துல நார்த் டெக்சாஸ் கல்லூரி 1947லேயே இந்த இசைக்குப் பட்டப்படிப்பு ஆரம்பிச்சிட்டது என்பது வேற விஷயம். பள்ளிக்கூட அளவுல 'ஸ்டேஜ் பேண்ட்'னு பேரை மாத்தி வச்சா, மேடையில உட்கார்ந்து ஒழுக்கமா வாசிக்கிறாங்கப்பா, யாரும் ஆட மாட்டாங்கன்னு ஒரு உத்தரவாதம் கொடுத்த மாதிரி. பேருல என்ன இருக்குன்னு கேட்கிறவங்க இதை ஒருமுறை யோசிக்கலாம் :-)

இந்தப் பள்ளியின் இசை ஆசிரியர் கான்ராட் ஜான்சன். 1915ல் டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா என்ற ஊர்ல பிறந்தவர். சின்ன வயசுலேயே குடும்பம் ஹ்யூஸ்டனுக்கு வந்துடுச்சு. மனுஷன் நல்ல சாக்ஸபோன் கலைஞர். 1940களில் 'கானீஸ் காம்போ'னு சொந்தமா குழுவே வச்சிருந்தார். ஊர் ஊரா சுத்துற முழுநேர இசைக்கலைஞனா போயிருக்கலாம். போகல. கல்யாணம், குழந்தைகள், பள்ளிக்கூட வேலைன்னு ஹ்யூஸ்டன்லயே தங்கிட்டார். முப்பத்தேழு வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பசங்க அவரைக் கூப்பிட்டது 'ப்ரொஃப்'.

1967ல் அவர் ஓடிஸ் ரெட்டிங்கின் கச்சேரி ஒண்ணுக்குப் போறார். அப்போ அவருக்கு வயசு ஐம்பதைத் தாண்டிடுச்சு. ஜாஸ்ல ஊறினவர். அந்த வயசுல பெரும்பாலான வாத்தியார்கள் 'இதெல்லாம் ஒரு பாட்டா'ன்னு எழுந்து வந்திருப்பாங்க. இவர் மேடையைப் பார்த்ததோட சேர்த்துக் கூட்டத்தையும் பார்த்திருக்கார். உடை, அசைவு, ஊதுற வாத்தியக்காரங்க ஒண்ணா உடம்பை வளைக்கிறது, அதுக்குக் கூட்டம் கொடுக்கிற பதில். இதையே நம்ம பசங்க செஞ்சா எப்படி இருக்கும்னு அவருக்குப் பொறி தட்டினது அங்கேதான். அந்த வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி விமான விபத்துல ரெட்டிங் இறந்து போனார். வயசு 26.

ரெட்டிங்கைப் பார்த்து ஒரு இசை ஆசிரியருக்கு இப்படித் தோணினது ரொம்பப் பொருத்தம். அடுத்தவன் பாட்டை எடுத்துத் தன்னுடையதா மாத்துறதுல ரெட்டிங் கில்லாடி. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' 1965ல் வந்தது. அதுல வர்ற அந்த கரகர கிட்டார் துணுக்கை, பின்னாடி ஊதுகருவிகள் வாசிக்கிறதுக்கான மாதிரியாத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் போட்டு வச்சிருந்தார். ஆனா பாட்டு கிட்டாரோடவே வெளியாகி ஹிட் அடிச்சிருச்சு. அதே வருஷம் ரெட்டிங் அதை ட்ரம்பெட், சாக்ஸ் வச்சு பாடி வெளியிட்டார். ஆக, முதல்ல எழுதினவன் மனசுல இருந்தது நகலெடுத்தவன் கையில போய்த்தான் முடிஞ்சது! ரெட்டிங்கின் சொந்தப் பாட்டான 'ரெஸ்பெக்ட்'டை 1967ல் அரீதா ஃப்ராங்க்ளின் எடுத்துப் பாடினதும், அது வீட்டுக்கு வர்ற ஆம்பளையோட கோரிக்கையா இருந்தது மாறி ஒரு பொம்பளையோட உரிமைக்குரலா ஆனதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

நம்ம ஊர் மெல்லிசைக் கச்சேரிகள்ல இதுக்கு நேர் எதிரான ஒரு இலக்கணம் உண்டு. 'அப்படியே கேசட்ல கேட்ட மாதிரியே இருந்துச்சுப்பா' என்பதுதான் அங்கே ஆகப்பெரிய பாராட்டு. அதுல இருக்கிற உழைப்பைக் குறைச்சுச் சொல்லல. முப்பது வயலின் வாசிச்சதை ஒரே கீபோர்டுல கொண்டு வர்றவன் சாதாரண ஆள் இல்ல. எங்க இன்ஜினியரிங் காலேஜ் கல்ச்சுரல்ஸ்லயும் இதே அளவுகோல்தான். ஆனா மாணவர் குழுவுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்மகிட்ட இல்லாத வாத்தியத்தைத் தேடிக்கிட்டே இருப்போம், இருக்கிற பையன் என்ன நல்லா வாசிப்பான்னு யாரும் கேட்க மாட்டோம்.

ஜான்சன் அங்கேதான் வேறுபடுறார். அவர்கிட்ட இருந்தது பெரிய ஊதுகருவிப் பட்டாளம். அந்தக் காலத்து ஹிட் பாட்டுகளோ பெரும்பாலும் கிட்டாரையும் குரலையும் நம்பி நிற்பவை. அப்போ ஒவ்வொரு பாட்டையும் உடைச்சுத்தான் ஆகணும்.

இந்த உடைக்கிற வேலை எப்படின்னு கொஞ்சம் சொல்றேன், பொட்டி தட்டுற ஆளுங்களுக்குப் பிடிக்கும். ஊதுகருவிகள்ல ஒரு வினோதம் உண்டு. பியானோவுல 'ஸி'ன்னு ஒரு சுரம் வாசிக்கிறோம். அதே சத்தம் வரணும்னா ட்ரம்பெட் வாசிக்கிறவனோட தாள்ல 'டி'ன்னு எழுதியிருக்கணும். ஆல்டோ சாக்ஸ்காரனுக்கு 'ஏ'ன்னு எழுதணும். ட்ராம்போனுக்கு மட்டும் 'ஸி'ன்னே எழுதலாம். ஒரே டேட்டா, ஆளுக்கொரு ஃபார்மட். ராக் கிட்டார்காரங்களுக்கு மூணு கட்டை, அதாவது 'ஈ', ரொம்பச் சவுகரியம். தந்தியை அழுத்தாமலே பாதி வேலை முடிஞ்சிரும். அதை அப்படியே தூக்கிப் பள்ளிக்கூடப் பசங்க கையில கொடுத்தா, மேஜர் ஸ்கேல்னு வச்சுக்குங்க, ட்ரம்பெட்காரன் தாள்ல ஆறு ஷார்ப், ஆல்டோக்காரன் தாள்ல ஏழு ஷார்ப். பதினாறு வயசுப் பையன் வாத்தியத்தைக் கீழே வச்சுட்டு ஓடிருவான். அரைக் கட்டை இறக்கி ரெண்டரைக் கட்டையில எழுதினா? ட்ரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளாட், ஆல்டோவுக்கு ஒண்ணுமே இல்ல. கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, வாசிக்கிறவனுக்கு வாழ்க்கையே மாறிடும். ஸ்டேஜ் பேண்டுக்கு எழுதுற எந்த வாத்தியாரும் முதல்ல போடுற கணக்கு இது.

அடுத்தது வேலைப் பங்கீடு. டென்னிஸ் காஃபி என்ற டெட்ராய்ட் கிட்டார் கலைஞர் 1971ல் 'ஸ்கார்ப்பியோ'னு ஒரு உருப்படி வெளியிட்டார். பாட்டு வரியே கிடையாது, முழுக்க வாத்தியம். பில்போர்டு பட்டியல்ல ஆறாவது இடம் வரைக்கும் ஏறினது. ஸ்டூடியோவுல ஒரு கிட்டார் மேல இன்னொரு கிட்டார்னு டேப்பில் அடுக்கி உண்டாக்கின சத்தம் அது. நடுவுல எல்லாரும் நிறுத்திட, தாளக் கருவிகள் மட்டும் தனியா ஒரு ஓட்டம் ஓடும். இதைக் காஷ்மியர் பசங்க எடுத்தாங்க. டேப்பில் அடுக்குற வசதி மேடையில கிடையாது. ஆனா அடுக்கு அடுக்கா உட்கார்ந்திருக்கிற ஆட்கள் உண்டே! கிட்டார் அடுக்கு செஞ்ச வேலையைப் பித்தளை வரிசை எடுத்துக்குது. கேட்கும்போது மூலத்தை விட முரட்டுத்தனமா, மூச்சோட, வியர்வையோட இருக்கு. அந்தத் தாளப் பகுதி வரும்போது இது பள்ளிக்கூடப் பசங்கன்னு யாராவது சொன்னா நம்ப மாட்டோம்.

ஜேம்ஸ் பிரவுனின் 'சூப்பர் பேட்', வெஸ் மாண்ட்கோமரியின் 'பாஸ் சிட்டி', டேவ் ப்ரூபெக் குழு 1959ல் பதிவு செஞ்ச, பால் டெஸ்மண்ட் எழுதின 'டேக் ஃபைவ்'னு அவங்க கை வைக்காத வகை இல்ல. பிரவுனோட இசையைப் பள்ளிக்கூடக் குழுவுக்குச் சொல்லிக் கொடுக்கிறது சாதாரண விஷயம் இல்ல. அதுல ராகம், கார்டு எல்லாம் ரெண்டாம்பட்சம். ஒவ்வொரு வாத்தியமும் தாளக்கருவி மாதிரி நடந்துக்கணும். நாலு எண்ணிக்கையில முதல் எண்ணுல எல்லாரும் ஒண்ணா இறங்கணும், மத்த மூணுல அவனவன் இடைவெளியில நுழையணும். ஒருத்தன் ஒரு மயிரிழை முன்னாடி வந்தாலும் மொத்தமும் சரிஞ்சிரும். வேகமா வாசிக்கிறதை விட, வாசிக்காம சும்மா இருக்கக் கத்துக்கிறதுதான் இங்கே கஷ்டம். நம்ம ஊர் தவில்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

இதுக்கு ஒத்திகை மட்டும்தான் மருந்து. ப்ரொஃப் அந்த விஷயத்துல கறாரானவர். சுரம் சுத்தமா வரணும், உடை சுத்தமா இருக்கணும், மேடையில எல்லாரோட அசைவும் ஒரே மாதிரி இருக்கணும். வீட்டுல அப்பா இல்லாத பல பசங்களுக்கு அவர் அப்பா ஸ்தானத்துல இருந்ததா, பின்னாடி வந்த ஆவணப்படத்துல பழைய மாணவர்களே சொல்றாங்க.

இதெல்லாம் நடந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்கணும். டெக்சாஸ்ல பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டிகளே நிறம் பார்த்துத்தான் நடந்தது. வெள்ளையர் பள்ளிகளுக்கு யுனிவர்சிட்டி இண்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். கறுப்பர் பள்ளிகளுக்குத் தனியா பிரெய்ரி வியூ இண்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். 1967ல்தான் ரெண்டையும் இணைக்க ஆரம்பிச்சாங்க, 1970ல் ரெண்டாவது அமைப்பு முழுசா மூடப்பட்டது. அதாவது காஷ்மியர் குழு உருவான அதே ரெண்டு மூணு வருஷத்துலதான் கதவே திறந்தது. அந்தப் பக்கத்துல இருந்த பள்ளிக் குழுக்கள் கோட்டு சூட்டு போட்டு, உட்கார்ந்த இடத்துல இருந்து அசையாம, முப்பது வருஷத்துக்கு முந்தைய க்ளென் மில்லர் பாணி ஸ்விங் இசையை வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. இவங்க உசரமான ஷூ, பளபள உடைன்னு வந்து, வாத்தியத்தை இடமும் வலமும் வீசி ஃபங்க் வாசிச்சா எப்படி இருந்திருக்கும்! நடுவர்கள் 'இது கல்வியா, கேளிக்கையா'ன்னு மதிப்பெண்ணைக் குறைச்சிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. குறைக்க முடியாத அளவுக்கு வாசிப்பு சுத்தமா இருந்ததுதான் ப்ரொஃப் கையில இருந்த ஆயுதம்னு நான் நினைக்கிறேன். கூத்தடிக்கிறாங்கன்னு சொல்லலாம், சுருதி தப்புதுன்னு சொல்ல முடியாதே.

கணக்கு இதுதான்: 1969லிருந்து 1977 வரைக்கும் கலந்துக்கிட்ட 46 போட்டிகள்ல 42ல் வெற்றி. 1972ல் அலபாமா மாநிலம் மொபீல் நகரத்துல நடந்த தேசிய அளவிலான பள்ளி ஸ்டேஜ் பேண்ட் விழாவுலயும் ஜெயிச்சாங்க. ஐரோப்பா, ஜப்பான்னு பயணம் போனாங்க. க்ராம் என்ற சின்ன லேபிள்ல எட்டு இசைத்தட்டு வந்தது. அதுல மத்தவங்க பாட்டு மட்டும் இல்ல, 'காஷ்மியர்', 'ஜீரோ பாயிண்ட்' மாதிரி சொந்த உருப்படிகளும் உண்டு. அடுத்தவன் பாட்டை அத்தனை தடவை பிரிச்சுப் பார்த்தவங்களுக்குச் சொந்தமா கட்டுறது தானா வந்திருக்கு.

1978ல் ஜான்சன் ஓய்வு பெற்றார். அதோட குழுவின் கதையும் முடிஞ்சது. பள்ளியும் பிறகு நல்லா இருந்துடலை. 2010களில் மாநில அரசின் தர மதிப்பீட்டில் வருஷக்கணக்கா தேறாத பள்ளிகளின் பட்டியல்ல காஷ்மியர் பேரு அடிபட்டுக்கிட்டே இருந்தது. 2023ல் ஹ்யூஸ்டன் பள்ளி மாவட்டத்தையே மாநில அரசு தன் கட்டுப்பாட்டுக்குள்ள எடுத்துக்கிச்சு.

நடுவுல அந்த இசைத்தட்டுகள் மட்டும் தனியா ஒரு வாழ்க்கை வாழ்ந்துக்கிட்டிருந்தது. பழைய தட்டு தேடி அலையுற டிஜே கூட்டம் இவற்றைக் கண்டுபிடிச்சு, பெரிய விலை கொடுத்து வாங்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தரான ஈகான், ஜான்சனைத் தேடிப் பிடிச்சு, 2006ல் தன் நவ்-அகெய்ன் லேபிள்ல 'டெக்சாஸ் தண்டர் சோல் 1968-1974' என்ற தொகுப்பைக் கொண்டு வந்தார். 2017ல் வந்த 'பேபி டிரைவர்' படத்துலயும் இவங்க 'காஷ்மியர்' ஒலிக்குது. படம் பார்த்தவங்க காதுல ஏற்கனவே விழுந்திருக்கும்.

ஆனா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது 2008ல் நடந்தது. பழைய மாணவர்கள் முப்பது பேர் வரைக்கும், ஐம்பதைத் தாண்டினவங்க, 92 வயசு ப்ரொஃபுக்காக ஒண்ணு கூடினாங்க. பல பேர் முப்பது வருஷமா வாத்தியத்தைத் தொட்டதே இல்ல. உதடு பழக்கம் விட்டுப் போச்சுன்னா ட்ரம்பெட்டுல காத்துதான் வரும், சத்தம் வராது. அந்த நிலையிலிருந்து ஒத்திகை. மார்க் லேண்ட்ஸ்மன் இயக்கிய 'தண்டர் சோல்' ஆவணப்படம் இதைப் படம் பிடிச்சு வச்சிருக்கு. 2010ல் விழாக்கள்ல திரையிட்டாங்க, அடுத்த வருஷம் ஜேமி ஃபாக்ஸ் ஆதரவோட தியேட்டருக்கு வந்தது. படத்தோட முதல் ஒத்திகைக் காட்சிகள் கொடுமையா இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமா இடைவெளிகள் சரியாகும், முதல் எண்ணுல எல்லாரும் ஒண்ணா இறங்க ஆரம்பிப்பாங்க. வயிறு பெருத்த மாமாக்கள் வாத்தியத்தை இடமும் வலமும் வீசுவாங்க.

பிப்ரவரி தொடக்கத்துல கச்சேரி நடந்தது. ஜான்சன் உட்கார்ந்து கேட்டார். சில நாட்களிலேயே, பிப்ரவரி 3ஆம் தேதி, காலமானார்.

கேட்கணும்னு தோணுறவங்க முதல்ல டென்னிஸ் காஃபியின் 'ஸ்கார்ப்பியோ'வைக் கேட்டுட்டு, உடனே காஷ்மியர் பசங்களோட 'ஸ்கார்ப்பியோ'வுக்குப் போங்க. ஹெட்போன் நல்லதா இருக்கட்டும், ஆபீஸ்ல வேண்டாம். மேஜையில தாளம் போட்டு மாட்டிக்குவீங்க :-)