குட்டி எஞ்சினும் இரண்டு பெயர்களும்

இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. உடம்பு சரியில்லையா என்று சில நண்பர்கள் போனில் விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கையெல்லாம் கிரீஸ், அவ்வளவுதான்.

மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்திருந்தான். எட்டு வயது. அவனுக்காகப் பழைய விலைக்கு வாங்கிய நாலு சக்கரக் குட்டி வண்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. 49 சிசி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு நாள் காலை பெட்ரோல் தீர்ந்துவிட்டது. என் ஸ்கூட்டருக்காக வைத்திருந்த கேனிலிருந்து அரை லிட்டர் ஊற்றினேன். பத்து நிமிடம் சுற்றினான். கீச்சென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

"நான் வேகமா ஓட்டினதாலதான தாத்தா?" என்று கேட்டான். கண்ணில் நீர்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பெட்ரோலில் ஆயில் கலக்கவில்லை. ஆனால் வாயில் வந்தது, "சரி விடு, பார்த்துக்கலாம்" என்பதுதான்.

மறக்கக்கூடிய ஆளா நான்? எங்கள் அப்பா புதுவையில் மொபிலெட் ஓட்டியவர். சின்னக் கண்ணாடிக் குவளையில் ஆயிலை அளந்து ஊற்றும்போது, "மெலான்ழ், மெலான்ழ்" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே குலுக்குவார். கலவை என்று அர்த்தம். பள்ளியில் படித்த பிரெஞ்சு பாதி மறந்துவிட்டது. அந்தச் சொல் மறக்கவில்லை.

ஏன் கலக்க வேண்டும்? இதற்கு ஒரு கதை உண்டு.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினை முதலில் ஓட்டிக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்துக்காரர் டுகால்ட் கிளார்க். காலம் 1878ஐ ஒட்டி. பெயரே கிளார்க் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் அவருடைய எஞ்சினில் வாயுக் கலவையை உள்ளே தள்ளுவதற்கென்றே இன்னொரு சிலிண்டர் தேவைப்பட்டது.

இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த ஜோசப் டே அந்தச் செலவைக் குறைத்தார். பிஸ்டனுக்கு அடியில், கிராங்க் சுழலும் அறை சும்மாதானே கிடக்கிறது? பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கலவையை உறிஞ்சும். கீழே வரும்போது அழுத்தி மேலே அனுப்பும். 1891இல் வந்த யோசனை இது. கிராங்க் அறை வழியே கலவை ஓடுவதால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தேதான் வர வேண்டும்.

ஆனால் டேயின் எஞ்சினிலும், கலவை உள்ளே வரும் வழியில் ஒரு வால்வு இருந்தது. அதை ஒழித்தவர் அவரிடம் வேலை பார்த்த ஃப்ரெடெரிக் காக். சிலிண்டர் சுவரிலேயே இன்னொரு துளை. அதை பிஸ்டனின் அடிப்பாகமே திறந்து மூடும். 1892இல் அதற்குக் காப்புரிமை. பிறகு வால்வே கிடையாது. அசைகிற பாகம் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், மூன்றே மூன்று. எளிமையான டூ ஸ்ட்ரோக் என்று நாம் அறிந்தது இதைத்தான். ஆனால் புத்தகங்களில் 'டே எஞ்சின்' என்றுதான் இருக்கும். காக் பெயர் ஒரு வரியில் வந்து போகும்.

அந்த எளிமைதான் 1949இல் பிரான்சில் மொபிலெட்டாகவும், பிறகு திருப்பதியில் தயாரான சுவேகாவாகவும், 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஆகவும் நம் தெருவுக்கு வந்தது. நம்மில் எத்தனை பேர் அதில் ஆபீஸ் போயிருக்கிறோம்! எரியாத பெட்ரோலும் ஆயிலும் புகையாகப் போனதால், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அது ஒதுங்கிவிட்டது.

எங்கள் பேட்டையில் பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மூன்றாம் நாள் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹெட்டைக் கழற்றியதும் தெரிந்தது. பிஸ்டனில் நெடுகக் கீறல். ரிங் காடியிலேயே இறுகிக் கிடந்தது. சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தைப் பொறுமையாகத் தேய்த்து எடுத்தார். நல்லவேளை, சுவர் தப்பித்தது. புது பிஸ்டன், ரிங், பின், பேக்கிங். காடியில் இருக்கும் குட்டி ஆணியைப் பேரனுக்குக் காட்டினார். ரிங்கின் வாய் சுற்றிப்போய்த் துளையில் மாட்டாமல் இருக்கத்தான் அது.

பிறகு தலை நிமிராமலே கேட்டார்: "ஆயில் கலக்காம பெட்ரோல் ஊத்துனது யார் சார்?"

பேரன் என்னைப் பார்த்தான். "நான்தான்" என்றேன். "உன் மேல தப்பே இல்லடா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அரசாங்கக் கோப்பில் குறிப்பு எழுதினால் கீழே சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நல்லதோ கெட்டதோ, செய்தவன் யார் என்று தெரிய வேண்டும். அத்தனை வருடம் அப்படி உத்தியோகம் பார்த்தவன், என் தவறை இரண்டு நாள் ஒரு குழந்தையின் தலையில் வைத்திருந்தேன். காக் செய்த நல்ல வேலை டேயின் பெயரில் போய்விட்டதே என்று வருந்தினேன் அல்லவா, அந்த வருத்தத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை?

நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை, அப்பாவின் மொபிலெட் வாசனை. இப்போது லிட்டருக்கு 40 மில்லி ஆயிலைப் பேரனே அளக்கிறான். குலுக்கும்போது "மெலான்ழ்" என்கிறான். அதற்கு நான் மட்டும் பொறுப்பல்ல. அவன் கொள்ளுத்தாத்தா பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.